பல்லைப் பார்த்து வாங்குங்கள்: மரம் அறுக்கும் கருவிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

தோட்ட மரங்களைக் கழிப்பது பற்றிய கட்டுரை வெளிவந்ததை அடுத்து, செயின் சா, கைரம்பம் ஆகியவற்றைப் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டவும், விழுந்தவற்றைத் துண்டு போடவும் ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. 58 சிசி எஞ்சினும் 22 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கொண்ட செயின் சா இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– பேராவூரணி வாசகர்

2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்துப்போட்டபோது இந்த இயந்திரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புயல் காலத் தேவை வேறு, மூன்று ஏக்கரின் வழக்கமான தேவை வேறு. ஆண்டுக்கு நாலைந்து மரம் வெட்டுவதற்கென்று வாங்கப்படும் செயின் சா பெரும்பாலான நாட்கள் மூலையில்தான் கிடக்கும். அப்படிக் கிடப்பதுதான் அதற்கு ஆகாது. இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டேங்கில் அதை அப்படியே விட்டுவைத்தால் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப்போகும், துவாரங்களில் பிசின் படியும், அடுத்த முறை கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. ஆகவே உங்கள் அளவுக்கு, இயந்திரத்தோடு வரும் ஆளை நாள் கூலிக்கு அமர்த்திக்கொள்வதே இலாபம் என்பது என் கருத்து. அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, அதை ஒரே ஆளின் பொறுப்பில் விடுவதானால் கணக்கு மாறும்.

அப்படி வாங்கினாலும் 22 அங்குல பார் வேண்டாம். தென்னையின் நடுமரம் ஏறக்குறைய ஓரடிக் குறுக்களவு கொண்டது. 16 அங்குல பார் அதை ஒரே மூச்சில் அறுக்கும். அதைவிடப் பருத்த மரமானால் இரு பக்கமும் மாறி நின்று அறுக்கலாம். பார் நீள நீளச் செயினில் பற்கள் கூடும், தீட்டும் வேலை கூடும், எண்ணெய்ச் செலவு கூடும், முனை கனத்து மணிக்கட்டு வலிக்கும். புளி, வேம்பு போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் முழு நீளப் பாரையும் இறக்கினால் எஞ்சின் திணறும். 45 சிசியை ஒட்டிய எஞ்சினும் 16 அல்லது 18 அங்குல பாரும் தோட்ட வேலைக்குப் போதும்.

விலையைப் பார்ப்பதற்கு முன் பாரின் அடியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். செயினின் பிட்ச் எவ்வளவு, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன் எவ்வளவு, அந்தக் கண்ணிகள் மொத்தம் எத்தனை என்ற மூன்றும் அங்கே இருக்கும். அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச், 0.325 அங்குலமும் 3/8 அங்குலமும் நம் கடைகளில் அதிகம் புழங்குபவை. இந்த மூன்று எண்களுக்கும் பொருந்தும் செயின் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், இயந்திரம் எவ்வளவு மலிவானாலும் முதல் செயின் தேய்ந்த நாளோடு அதன் கதை முடிந்தது.

இன்னொன்று: தென்னை, பனை இரண்டுக்கும் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது. பழைய இலக்கணத்தார் புறக்காழ் என்று சொன்னது இதைத்தான். பட்டையை ஒட்டிய அந்த நார்ப்பகுதி செயினின் பல்லை அரம்போலத் தேய்த்துவிடும். மணற்பாங்கான தோப்பில் விழுந்து கிடந்த மரமாக இருந்தால் வெடிப்புகளில் மணலும் புகுந்திருக்கும். ஆகவே, கூர் முனைப் பல் கொண்ட செயினைவிட, மூலை சற்று உருண்ட பல் கொண்ட செயினைக் கேட்டு வாங்குங்கள். அது வேகத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் அழுக்கு மரத்தில் நெடுநேரம் கூர் தாங்கும்.

கேள்வி: கரிமூட்டத்துக்காகச் சீமைக்கருவேலம் வெட்டுகிறோம். செயின் மாற்றிச் சில நாட்களிலேயே அறுப்பு வலப்பக்கமாக வளைந்து போகிறது. அழுத்திப் பிடித்தால்தான் இறங்குகிறது. எஞ்சினில் கோளாறா?
– சிவகங்கை வாசகர்

எஞ்சினைத் தொடாதீர்கள். அறுக்கும்போது கீழே விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. கூரான செயின் தன் கனத்திலேயே மரத்துக்குள் இறங்க வேண்டும். நீங்கள் அழுத்துவதாகச் சொல்வதிலிருந்தே விஷயம் தெரிகிறது.

அறுப்பு வலப்பக்கம் வளைவது, வலப்பக்கப் பற்கள் இடப்பக்கப் பற்களைவிடக் கூராகவோ நீளமாகவோ இருப்பதன் அடையாளம். வலக்கைப் பழக்கமுள்ளவர் அரம் போடும்போது ஒரு வரிசையில் கை நன்றாக ஓடும், மறு வரிசையில் தயங்கும். சில வாரங்களில் இரு வரிசைகளுக்கும் நீளம் மாறிவிடும். இதற்கு மருந்து, எல்லாப் பற்களிலும் மிகக் குட்டையானதைத் தேடி எடுத்து, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவருவதே. கொஞ்சம் பல் வீணாகும், வேறு வழியில்லை. அதற்குப் பின்னும் வளைந்தால் பாரின் விளிம்புகள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். பாரைக் கழற்றிச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்து நின்றால் தட்டை அரத்தால் விளிம்பைச் சமப்படுத்தலாம். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவந்தால் தேய்மானம் இரு விளிம்புக்கும் பங்காகும்.

அரம் எதுவென்பதில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 3/8 பிட்ச்சின் குட்டை வகைக்கு 4 மில்லிமீட்டர். அதன் பெரிய வகைக்கு, தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. மெல்லிய அரம் பல்லின் அடியைக் குடையும், தடித்த அரம் கூர் முனையைத் தட்டையாக்கும். அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே தெரியும்படி வைத்து, பல்லின் மேல் கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டை ஒட்டி, இல்லாவிட்டால் 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். திரும்பி இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்ப்பது அரத்தையும் கெடுக்கும், பல்லையும் கெடுக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு போட்டுவந்தால், பாதி நாள் உட்கார்ந்து தீட்டும் வேலையே வராது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு மேடு ஒன்று நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரமும் குறையும். மேடு மட்டும் அப்படியே நின்றால், எவ்வளவு கூர் ஏற்றினாலும் பல் மரத்தைத் தொடாது. பல்லின் முனையைவிட மேடு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி தட்டை அரத்தால் உராய வேண்டும். அதற்கென்று சிறு அளவுத் தகடு கடையில் கிடைக்கிறது. கண்ணளவில் கூடுதலாக உராய்ந்துவிட்டால் செயின் மரத்தைக் கவ்விப் பிடித்து இயந்திரத்தைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். குறிப்பாக உங்கள் மரம் கடினமானது. அதில் பேராசை கூடாது.

சீமைக்கருவேலத்தைத் தூரோடு ஒட்டி வெட்டுவதால் மண்தான் உங்கள் முதல் எதிரி. ஓடும் செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டாலே ஒரு சுற்றுப் பற்கள் முழுவதும் போயிற்று. வெட்டும் இடத்துப் பட்டையை அரிவாளால் செதுக்கி மண்ணை உதிர்த்துவிட்டு, அதன்பின் செயினை வையுங்கள். இதற்குச் செலவாகும் அரை நிமிடத்தை வீண் என்று நினைப்பவர்கள்தான் மாதாமாதம் செயின் வாங்குகிறார்கள்.

செயினின் இழுவிசையையும் கவனியுங்கள். பாரின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். வேலையின் நடுவே சூட்டில் செயின் நீண்டு தளரும். அப்போது இறுக்கியிருந்தால் மாலையில் வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சுருங்கி, பாரையும் எஞ்சின் தண்டின் பேரிங்கையும் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: டிராக்டரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா? பெட்ரோலோடு எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்?
– மணப்பாறை வாசகர்

கழிவு ஆயில் வேண்டாம். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள்கள் பம்பையும் பாரையும் தேய்க்கும். தெறிக்கும் ஆயில் உங்கள் தோலிலும் மூச்சிலும்தான் சேரும், அதில் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருட்கள் உண்டு. செயினுக்கென்றே ஒட்டும் தன்மையோடு விற்கும் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய எஞ்சின் ஆயிலை ஊற்றுங்கள். ஆயில் வருகிறதா என்று அறிய, வெட்டிய மரத்தின் வெளிறிய பக்கத்துக்கு எதிரே பாரின் முனையைத் தொடாமல் பிடித்து ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால், எண்ணெய்க் கோடு ஒன்று விழ வேண்டும்.

பெட்ரோலில் கலக்க வேண்டியது 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சிறிது நேரத்திலேயே சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிக்க என் கணவர் ஏணியில் ஏறி நின்று ஒரு கையால் செயின் சாவைப் பிடித்து அறுக்கிறார். பயமாக இருக்கிறது என்றால் சிரிக்கிறார். நீங்களாவது எழுதுங்கள்.
– ஏற்காடு வாசகி

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். பாரின் முனையின் மேற்பாதி ஏதாவது ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், சுழலும் செயின் அங்கே கடித்துக்கொண்டு, பார் முழுவதும் பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி மேலே எகிறும். மனிதன் கண்டு சுதாரிப்பதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடும். முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்பு, கை பட்டதும் செயினை நிறுத்தும் பிரேக். இடக்கை முன்பிடியில், கட்டைவிரல் அடியில் சுற்றிய நிலையில் இருந்தால்தான் அது சரியான நேரத்தில் வேலை செய்யும். ஒரு கையால் பிடிப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தானே கழற்றி வைத்தவர் ஆகிறார். ஏணியில் நிற்பவருக்கோ பின்வாங்கக் காலுக்கு இடமும் இல்லை. தோள் உயரத்துக்கு மேலே செயின் சாவைத் தூக்குவதும் ஏணியில் நின்று ஓட்டுவதும் தொழிலாக இதைச் செய்பவர்களே செய்யாத காரியம்.

அந்த வேலைக்கு உரிய கருவி, பிறை போல் வளைந்த கவாத்து ரம்பம். அதன் பற்கள் இழுக்கும்போது வெட்டும்படி சாய்ந்திருப்பதால், கழியின் முனையில் கட்டித் தரையில் நின்றபடியே இழுக்கலாம். கிளையின் கனமே ரம்பத்துக்குத் துணை நிற்கும். கை கனமுள்ள கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் முறிந்து விழும். எஞ்சிய கட்டையை, அடிமரத்தோடு சேரும் இடத்தில் தடித்துத் தெரியும் வளையத்தை விட்டு வெளியே எடுங்கள். அந்த வளையத்தை வெட்டாமல் விட்டால்தான் காயம் விரைவில் மூடும். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருந்தால் கிளை கிழிந்து இறங்குவது கொடியையும் சேர்த்து இறக்கும் என்பதைச் சொன்னால் ஒருவேளை அவர் காது கொடுப்பார்.

கேள்வி: அப்பா பயன்படுத்திய பழைய கைரம்பம் துருவேறிக் கிடக்கிறது. கடையில் வாங்கிய புது ரம்பம் ஒரு வருடத்தில் மழுங்கிவிட்டது; அரம் போட்டால் வழுக்குகிறது. பழையதைச் சரி செய்வது வீண் வேலையா?
– தக்கலையிலிருந்து ஒரு தச்சர்

வீண் வேலை இல்லை. புது ரம்பத்தின் பல் நுனி நீலம் பாரித்துத் தெரிகிறதா? அது சூடேற்றிக் கடினமாக்கப்பட்ட பல். அரத்தைவிடக் கடினமானதால் அரம் ஏறாது. மழுங்கினால் தூக்கிப்போட வேண்டியதுதான். அப்பாவுடைய ரம்பம் அரம் ஏற்கும் எஃகு. பல் இருக்கும்வரை அதற்கு ஆயுள் உண்டு.

துருவை மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு எடுத்தபின், தட்டை அரத்தைப் பல் நுனிகளின் மேல் நீளவாக்கில் ஓட்டி எல்லாப் பற்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நுனியிலும் சிறு வெள்ளைப் புள்ளி பளபளக்கும். அந்தப் புள்ளி மறையும் கணத்தில் அரத்தை நிறுத்துவதுதான் தீட்டும் வித்தையின் பாதி. நெடுக்காகப் பலகை அறுக்கும் ரம்பமானால் முக்கோண அரத்தைத் தகட்டுக்கு நேர்குறுக்காகப் பிடியுங்கள். ஒவ்வொரு பல்லும் குட்டி உளியாகி நாரைச் செதுக்கிக்கொண்டு போகும். குறுக்காக அறுக்கும் ரம்பமானால் அரத்தைச் சாய்த்துப் பிடித்து, ஒன்றுவிட்டு ஒரு பல்லுக்குக் கத்திமுனை ஏற்றி, ரம்பத்தைத் திருப்பி மற்றவற்றுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே ரம்பத்தைப் பயன்படுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டிலும் அரைகுறையாகத்தான் அது அறுக்கும்.

பற்களை இடமும் வலமுமாகச் சாய்க்கும்போது மேல் பாதியை மட்டும் வளையுங்கள். அடியோடு வளைத்தால் பல் ஒடியும். அறுப்பின் அகலம் தகட்டின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டாம். பச்சைப் பலாவுக்கும் மாவுக்கும் சாய்வு கொஞ்சம் கூடுதலாகவும், காய்ந்த தேக்குக்குக் குறைவாகவும் இருக்கட்டும். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்தான சிலிக்கா கலந்திருப்பதால் அது எந்தப் பல்லையும் சீக்கிரம் மழுக்கும் என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். குறுக்கு ரம்பம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. இரு வரிசைப் பல் நுனிகளுக்கும் நடுவே ஓடும் பள்ளத்தில் தையல் ஊசி ஒன்றை வைத்து ரம்பத்தைச் சற்றே சாய்த்தால், ஊசி பக்கத்தில் விழாமல் பிடியிலிருந்து முனைவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

கேள்வி: பட்டுப்போன பனையைச் செயின் சாவால் நெடுக்காகப் பிளந்து கூரைக்கான கைமரம் எடுக்கலாமா?
– விளாத்திகுளம் வாசகர்

முதலில் அனுமதி. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. விசாரித்துக்கொண்டு கை வையுங்கள்.

அறுக்க முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கிடைப்பது குறுக்கு அறுப்புக்கான செயின். நெடுக்காக ஓட்டினால் மெதுவாக நகரும், எஞ்சின் சூடேறும். நெடுக்கு அறுப்புக்கு ஏறக்குறைய 10 பாகையில் தீட்டிய பற்கள் வேண்டும். பனையின் நார் நேராக ஓடுவதால் அதைப் பிளக்க ரம்பமே தேவையில்லை. தேவையான நீளத்துக்குச் செயின் சாவால் குறுக்கே துண்டித்துவிட்டு, கோடாலியும் ஆப்பும் கொண்டு நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியை வாய்ச்சியால் செதுக்கி எடுக்கும் பழைய முறையில் கைமரம் நார் அறுபடாமல் வருகிறது. நார் அறுபடாத மரம் கூடுதல் பாரம் தாங்கும்.

கேள்வி: செயின் சா முதலில் அறுவை சிகிச்சைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மாணவர்களிடம் சொல்லலாமா?
– திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியர்

பாதி உண்மை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுக்கப் பல் வைத்த சிறு சங்கிலியைக் கையால் இழுத்துப் பயன்படுத்தினார்கள். 1830-இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடும் எலும்பு ரம்பத்தைச் செய்தார். மரம் அறுக்கும் இயந்திரத்தின் வரலாறு தனி. ஆண்ட்ரியாஸ் ஷ்டில் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் செயின் சாவுக்கும், மூன்று ஆண்டுகளில் பெட்ரோலில் ஓடுவதற்கும் வடிவம் கொடுத்தார்.

மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. தொடக்கக் காலச் செயின்களின் பற்கள், இருவர் இழுக்கும் பெரிய ரம்பத்தின் பற்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அந்த ரம்பத்தில் கத்திபோன்ற பற்கள் இருபுறமும் நாரைக் கீறும். இடையிடையே நிற்கும் வாரிப் பற்கள் கீறிய நாரைச் சுருளாக வாரி வெளியே தள்ளும். இருவரில் ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளாமல் கையைத் தளர்த்தியிருந்தால்தான் தகடு நெளியாது. கையின் நிதான வேகத்துக்கு ஏற்ற இந்த அமைப்பு எஞ்சின் வேகத்துக்கு ஒத்துவரவில்லை. செயின் ஓயாமல் மழுங்கியது. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டின் புழு ஒன்று கட்டையைக் குடைவதைக் கண்டார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவுவதைப் பார்த்து, அதேபோல் வளைந்த பல் கொண்ட செயினை வடிவமைத்து அடுத்த ஆண்டே விற்கத் தொடங்கினார். இன்று உங்கள் ஊர் மரவாடியில் ஓடும் செயினின் பல்லும் அந்த வடிவத்தின் வழிவந்ததுதான்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் 6 அங்குலக் குட்டிச் செயின் சா பெண்களும் எளிதாகப் பயன்படுத்தலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கொய்யா, எலுமிச்சை கவாத்துக்கு உதவுமா?
– பழநி வாசகி

உதவும், மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளைகள்வரை. எடை குறைவு என்பதால் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கத் தோன்றும். விபத்து அங்கேதான் நேர்கிறது. பிடிக்கும் கை, பாரின் நீளத்தைப்போல் இரு மடங்கு தொலைவிலாவது இருக்கட்டும். விரல் பருமனுள்ள கொப்புகளுக்குக் கவாத்துக் கத்தரியே சுத்தமான வெட்டைத் தரும். பல வகைகளில் எண்ணெய் தானாக வராது; சில வெட்டுகளுக்கு ஒருமுறை செயினில் இரண்டு சொட்டு விட வேண்டும். செயினைத் துடைக்கவோ இறுக்கவோ தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.